ஊரும் உடம்பும்: நள்ளிரவு வயிற்றுவலி... ஸ்கேன் அறைக்குப் போகும் முன்பே ஒரு ஸ்கேன்!

செஞ்சியில் ஒரு வீட்டில் நள்ளிரவு 1 மணிக்கு ஒருவருக்கு வயிற்றுவலி வந்தால், முதலில் நடப்பது விவாதம்தான். "ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான் காரணம்" என்பார் ஒருவர். "கேஸ்தான்பா, ஒரு சோடா குடி" என்பார் இன்னொருவர். அம்மா ஓமத்தைக் கொதிக்க வைப்பார். பாட்டி பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார். "குடல் ஏறியிருக்கும், எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்" என்ற யோசனையும் வரும்.

பல வயிற்றுவலிகள் விடிவதற்குள் தானாகவே அடங்கிவிடும். அதனால் இந்த வைத்தியங்களுக்கெல்லாம் நல்ல பெயரும் உண்டு. அடங்காத வலியில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் ஒரு பக்கம் திண்டிவனம், ஒரு பக்கம் திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மர் அதையும் தாண்டி. இது செஞ்சிக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை. தமிழ்நாட்டின் தாலுகா ஊர்கள் பலவற்றிலும் இதே கணக்குதான்.

அந்த நேரத்தில் டாக்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த வலி காலை வரை காத்திருக்குமா, இப்போதே வண்டி ஏற வேண்டுமா? இந்தக் கேள்விக்கு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பதில் தேட உதவும் கருவிதான் பெட்சைடு அல்ட்ராசவுண்ட். தமிழில் சொன்னால், படுக்கையருகே ஸ்கேன்.

வயிறு ஏன் ஏமாற்றுகிறது?

விரலில் முள் குத்தினால் எந்த விரல், எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வயிற்றுக்குள் அப்படிச் சொல்ல முடியாது. குடல், பித்தப்பை போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து வரும் வலியை மூளை துல்லியமாகப் பிரித்தறிவதில்லை. 'எங்கேயோ நடுவில் வலிக்கிறது' என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ், இதற்குச் சரியான உதாரணம். தொடக்கத்தில் வலி தொப்புளைச் சுற்றி இருக்கும். பசி போகும், குமட்டும். பார்ப்பவர்களுக்கு அஜீரணம் மாதிரியே தெரியும். சில மணி நேரம் கழித்து, வீக்கம் வயிற்றின் உள்சுவரைத் தொட்ட பிறகுதான் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அதற்குள் சோடாவும் ஓமத் தண்ணீரும் இரண்டு ரவுண்டு முடிந்திருக்கும்.

பித்தப்பைக் கல் வலி வலது தோள்பட்டை எலும்புப் பக்கம் போகலாம். சிறுநீரகக் கல் வலி விலாவுக்குக் கீழே கிளம்பித் தொடை இடுக்கு வரை இறங்கும். கணைய அழற்சியில் வலி முதுகைத் துளைக்கும். மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்தால் இடது தோள் வலிக்கலாம்.

வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. மாரடைப்பு சிலருக்கு மேல்வயிற்று எரிச்சலாக வரும். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினாலும் வயிறு வலிக்கும். கிராமப்புறங்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் படுத்துத் தூங்கியவர் அதிகாலையில் கடும் வயிற்றுவலியோடு எழுந்து, கண் இமைகள் தானாகத் தொங்க ஆரம்பித்தால், உடனே பாம்புக்கடியைச் சந்தேகிக்க வேண்டும். கட்டுவிரியனின் பல் தடம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இப்படிப் பத்து வழிகளில் வரும் ஒரு வலிக்கு, வாசலிலேயே ஒரு 'கேஸ் ஊசி' போட்டு வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வழக்கமான ஸ்கேனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஸ்கேன் சென்டரில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். டோக்கன், தண்ணீர் குடித்துக் காத்திருப்பு, இருட்டு அறை, வயிற்றில் சில்லென்று ஜெல், பிறகு ஒரு ரிப்போர்ட். அங்கே ரேடியாலஜி நிபுணர் கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகங்கள் என்று ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பார். இது முழுமையான பரிசோதனை.

படுக்கையருகே ஸ்கேன் அப்படியல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைப் பார்க்கும் டாக்டரே, அவரது கட்டிலுக்கு அருகே கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, சில குறிப்பிட்ட கேள்விகளுக்கு மட்டும் 'ஆம்', 'இல்லை' என்று பதில் தேடுவார். சில நிமிட வேலை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்ப்பதன் அடுத்த கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கேள்விகள் என்னென்ன?

* வயிற்றுக்குள் ரத்தமோ நீரோ தேங்கியிருக்கிறதா? கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் என்று சில இடங்களில் பார்ப்பார்கள். படுத்திருப்பவரின் வயிற்றில் ரத்தம் கசிந்தால் அது பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில்தான் தேங்கும். திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

* பித்தப்பையில் கல் இருக்கிறதா? அதன் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா? கருவியால் பித்தப்பை மீது அழுத்தும்போது சரியாக அந்த இடத்தில் வலி கூடுகிறதா?

* சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா? வீங்கியிருந்தால், கீழே எங்கேயோ கல் வழியை அடைத்திருக்கலாம்.

* பெருந்தமனி விரிந்திருக்கிறதா? வயதானவர்களுக்கு இது முக்கியம். சாதாரணமாகச் சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் உள்ள இந்த ரத்தக்குழாய் 3 சென்டிமீட்டரைத் தொட்டால் அதை வீக்கம் என்பார்கள். அது வெடித்தால் நிமிடங்கள்தான் மிச்சம்.

* கர்ப்பம் என்றால், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா?

* சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறதா? தாத்தாவுக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்திருக்கும். ஸ்கேனில் அது உடனே தெரியும். ஒரு டியூப் போட்டதும் வலி இறங்கிவிடும்.

குடல்வாலையும் பார்க்கலாம். ஆனால், அதற்குக் கொஞ்சம் கூடுதல் கைப்பழக்கம் வேண்டும். கருவியால் மெதுவாக அழுத்தி, நடுவில் இருக்கும் குடலையும் வாயுவையும் ஒதுக்கிவிட்டுப் பார்க்கும் முறையை, நெதர்லாந்து மருத்துவர் ஜூலியன் பாய்லர்ட் 1986-ல் விவரித்தார். அழுத்தினாலும் அமுங்காமல் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், அழற்சி என்ற சந்தேகம் வலுக்கும்.

வௌவாலும் கொதிகலன் தொழிற்சாலையும்

செஞ்சிக் கோட்டையின் பழைய கட்டடங்களுக்குள் தலையைக் குனிந்து நுழைந்தவர்கள் வௌவால்களைப் பார்த்திருக்கலாம். பூச்சி தின்னும் சிறிய வௌவால்கள் இருட்டில் சுவரில் மோதாமல் பறப்பது எப்படி? மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து எதிரே இருப்பதைத் தெரிந்துகொள்கின்றன. ஸ்கேன் கருவி செய்வதும் இதைத்தான்.

மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் எட்டும். வயிற்று ஸ்கேனில் பயன்படுவது விநாடிக்குச் சுமார் 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. உடலின் மென்மையான திசுக்களில் அது விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு, கருவி படத்தை வரைகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தயக்கமின்றிச் செய்யலாம். காற்றை மட்டும் இந்த ஒலியால் தாண்ட முடியாது. கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இல்லாமல் இருக்கத்தான் அந்த ஜெல்.

மருத்துவத்துக்குள் இது வந்த கதையும் ஒரு வயிற்றுப் பிரச்னையில்தான் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், 1955-ல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை காரில் ஏற்றிக்கொண்டு போய், அந்தக் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். திடமான கட்டிக்கும் நீர்க்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக இருந்தது.

பிறகு ஒரு பெண் நோயாளி. இரைப்பையில் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று கைவிடப்பட்டவர். டொனால்ட் குழுவின் ஸ்கேனில் அது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று தெரிந்தது. கட்டியை அகற்றினார்கள். அவர் பிழைத்தார். 1958-ல் 'லான்செட்' இதழில் டொனால்ட், ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை வெளியானது. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கெல்லாம் அதுதான் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று.

அறையை விட்டு ஸ்கேன் கட்டிலுக்கு வந்தது பிற்பாடு. விபத்தில் அடிபட்டவர்களின் வயிற்றில் ரத்தக் கசிவைப் பார்க்க ஜெர்மனி போன்ற நாடுகளில் அறுவை சிகிச்சை நிபுணர்களே ஸ்கேன் செய்தார்கள். 1990-களில் 'ஃபாஸ்ட்' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. கருவிகள் சிறிதாகி, இப்போது செல்போனில் செருகும் அளவுக்கு வந்துவிட்டன.

உண்மையில் உதவுகிறதா?

விளம்பரங்களை விட்டுவிட்டு ஆய்வுகளைப் பார்ப்போம். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் திடீர் வயிற்றுவலியோடு வந்த 800 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சை மருத்துவர் வழக்கமான பரிசோதனையோடு படுக்கையருகே ஸ்கேனும் செய்தார். இன்னொரு குழுவுக்கு வழக்கமான பரிசோதனை மட்டும். 2008-ல் முடிவு வெளியானது. ஸ்கேன் இல்லாதபோது முதல் கணிப்பு 100 பேரில் சுமார் 57 பேருக்குச் சரியாக இருந்தது. ஸ்கேன் செய்தபோது சுமார் 65 பேருக்கு.

அதிசயம் என்று சொல்ல முடியாத எண்தான். ஆனால், அந்தக் கூடுதல் 8 பேரில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் என்றால்?

சிறுநீரகக் கல் சந்தேகத்தோடு வந்த 2,759 பேரை வைத்து அமெரிக்காவின் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. முதலில் படுக்கையருகே ஸ்கேன், முதலில் ரேடியாலஜி ஸ்கேன், முதலில் சிடி ஸ்கேன் என்று மூன்று வழிகளையும் ஒப்பிட்டார்கள். ஆபத்தான நோயைத் தவறவிட்டுச் சிக்கலானதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண ஸ்கேனில் தொடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சு குறைந்தது. அதே நேரம், படுக்கையருகே ஸ்கேனில் தொடங்கியவர்களில் 10-க்கு 4 பேருக்கு அதன் பிறகு சிடியும் தேவைப்பட்டது. சிடி வசதி பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு இதில் சேதி இருக்கிறது. எல்லோரையும் நள்ளிரவில் சிடிக்காக அனுப்ப வேண்டியதில்லை. யாரை அனுப்ப வேண்டும் என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

'ஸ்கேன் நார்மல்' என்றால் நிம்மதியா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். படுக்கையருகே ஸ்கேனில் 'கல் இருக்கிறது' என்று தெரிந்தால் அது பெரும்பாலும் நம்பத்தகுந்த தகவல். 'ஒன்றும் தெரியவில்லை' என்றால், ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகிவிடாது.

குடல்வால் பல நேரம் திரையில் சிக்கவே சிக்காது. குடலில் வாயு நிறைந்திருந்தாலும், உடல் பருமன் இருந்தாலும் படம் மங்கும். அல்சர் ஓட்டையாகிக் காற்று கசிந்திருந்தால் அதற்கு எக்ஸ்ரேயும் சிடியும் கூடுதல் உறுதி தரும். குடலுக்கு ரத்த ஓட்டம் அடைபட்டால் தொடக்கத்தில் ஸ்கேனில் எதுவுமே தெரியாமல் போகலாம். ரத்தக் கசிவு கொஞ்சமாக இருந்தாலும் முதல் ஸ்கேனில் தப்பிவிடும். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். கட்டுவிரியன் கடியை எந்த ஸ்கேனும் காட்டாது. மாரடைப்புக்கு முதலில் இசிஜிதான்.

இன்னொன்று, பார்ப்பவரின் கை. ஒரே கருவி, பயிற்சி உள்ளவரிடம் ஒரு பதிலும் இல்லாதவரிடம் வேறு பதிலும் தரும். பித்தப்பையில் கல் தெரிந்துவிட்டது என்பதாலேயே இன்றைய வலிக்கு அதுதான் காரணம் என்றும் முடிவு கட்டக் கூடாது. வலியே இல்லாமல் வருஷக் கணக்கில் கல்லோடு வாழ்பவர்கள் ஏராளம். நோயாளி சொல்லும் கதை, டாக்டரின் கை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சேர்ந்துதான் விடை.

வீட்டார் முன்னால் கேட்க முடியாத கேள்வி

வயிற்றுவலியோடு வரும் ஒரு இளம்பெண்ணிடம் டாக்டர் கட்டாயம் கேட்பது: "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சு? தள்ளிப்போயிருக்கா?" அம்மா ஒரு பக்கம், மாமியாரோ சித்தப்பாவோ இன்னொரு பக்கம் நிற்கும்போது உண்மையான பதில் வராது. "கல்யாணமே ஆகலை, இதையெல்லாம் ஏன் கேட்கறீங்க?" என்று கோபப்படும் குடும்பங்களும் உண்டு.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டால், வளர்ந்து ஒரு கட்டத்தில் குழாய் வெடிக்கும். உள்ளே ரத்தம் கொட்டும். வெளியே வயிற்றுவலி, தலைச்சுற்றல், கொஞ்சம் உதிரப்போக்கு மட்டும் தெரியலாம். சில பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரிந்திருக்காது. கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அபூர்வமாக இது வரும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, கூடவே படுக்கையருகே ஸ்கேன். கர்ப்பம் உறுதி, ஆனால் கர்ப்பப்பை காலி, வயிற்றில் ரத்தம் என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே ஆபரேஷன் தியேட்டருக்கு ஏற்பாடு நடக்கும்.

எனவே, டாக்டர் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றால், வீட்டார் சங்கடப்படாமல் வெளியே வந்துவிட வேண்டும். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து உயிரை அடகு வைக்கக் கூடாது.

பையன்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. விதைப்பை முறுக்கிக்கொண்டால் அடிவயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். கூச்சத்தால் மற்றதைச் சொல்ல மாட்டார்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. "கீழேயும் வலிக்குதாப்பா?" என்று அப்பாவோ மாமாவோ தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது நல்லது.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இல்லை?

கருவி விலை ஒரு காரணம். பயிற்சி இன்னொன்று. அவசர மருத்துவம் இந்தியாவில் தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகாரம் பெற்றதே 2009-ல்தான். மூன்றாவது காரணம் சட்டம். அதற்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது.

வயிற்றை ஸ்கேன் செய்யும் அதே கருவி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்றும் காட்டிவிடும். பெண் என்று தெரிந்தால் கலைத்துவிடும் கொடுமை நாடு முழுக்க நடந்தது. பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்ற, தமிழ்நாட்டில் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. 1994-ல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது. 1996 முதல் அமலுக்கு வந்து, 2003-ல் இன்னும் கடுமையானது. அதன்படி ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். யார் ஸ்கேன் செய்யலாம் என்பதற்கும் தகுதி உண்டு. கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுக்கு 2012-ல் தனி விதியே வந்தது. பதிவு செய்த மருத்துவமனை வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கோ, மற்ற மருத்துவ சேவைகளும் தரும் நடமாடும் மருத்துவப் பிரிவிலோதான் அவற்றைப் பயன்படுத்தலாம்.

ஸ்டெதஸ்கோப் மாதிரி பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாததற்கு இதுதான் காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள் என்பதை நினைத்தால், இந்தக் கட்டுப்பாட்டைத் தேவையில்லாதது என்று ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், கருக்குழாய் வெடித்து வரும் பெண்ணுக்கு அந்தக் கருவி கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதும் உயிர்ப் பிரச்னை. பதிவு, பயிற்சி, ஆவணம் மூன்றையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, தாலுகா அளவிலான அவசரப் பிரிவுகளுக்கும் இதைக் கொண்டுவருவதுதான் இரண்டு உயிர்களுக்கும் நியாயம்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஸ்கேன் செய்யும் டாக்டரிடம் "என்ன குழந்தை?" என்று ஜாடையாகக்கூடக் கேட்காதீர்கள். சொல்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை. கேட்பதும் குற்றம்தான்.

கோட்டைக்கு வருபவர்களுக்கு...

2025 ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்த மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஏறி இறங்கியவர்களுக்கு விலாவில் வலி வந்தால் 'சதைப் பிடிப்பு' என்று தோன்றுவது சகஜம். வலி அலை அலையாக வந்து, ஓரிடத்தில் உட்கார முடியாமல் புரட்டி எடுத்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். நெஞ்சுக்குக் கீழே அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல் என்றால் மாரடைப்பை நினையுங்கள்.

பைக்கில் வந்து விழுந்து, ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியவர்கள் வெளியே காயம் இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன் முதன்முதலில் கட்டிலுக்கு வந்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு, முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

* நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவருக்குத் திடீரென வந்த கடும் வலி 6 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால். கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம்.
* வயிறு பலகை போல இறுகியிருந்தால், தொட்டாலே துடித்தால்.
* மயக்கம், குளிர்ந்த வியர்வை, வெளிறிய முகம் இருந்தால்.
* ரத்த வாந்தி, கறுப்பு மலம், பச்சை நிற வாந்தி இருந்தால்.
* வயிறு உப்பி, மலமும் வாயுவும் போகாமல் நின்றுவிட்டால்.
* வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் அல்லது மஞ்சள் காமாலை இருந்தால்.
* கர்ப்பிணிகள், பீரியட்ஸ் தள்ளிப்போன பெண்கள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் என்றால்.

108-க்கு போன் செய்துவிட்டு...

சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்துக்கு வெறும் வயிறு நல்லது. விளக்கெண்ணெய், பேதி மருந்து, எனிமா கூடவே கூடாது. வயிற்றை நீவுவதும் தட்டுவதும் வேண்டாம். வீங்கிய குடல்வாலை அழுத்தினால் உடையும் ஆபத்து இருக்கிறது. மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் அல்சரையும் சிறுநீரகத்தையும் மோசமாக்கும். மருத்துவமனையில் டாக்டர் வலி ஊசி போட்டால் மறுக்க வேண்டியதில்லை. வலியைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்தை ஆய்வுகள் தள்ளிவிட்டன.

வண்டி வருவதற்குள் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் எங்கே, இப்போது எங்கே, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, சிறுநீர் போனதா, கடைசி பீரியட்ஸ் தேதி, தினமும் போடும் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை உண்டா, முன்பு செய்த ஆபரேஷன்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு அனுப்பினால், கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது அவசரத்துக்குப் பார்த்த ஸ்கேனா, முழு ஸ்கேனா? முழு ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும்? என்ன மாற்றம் தெரிந்தால் திரும்பி வர வேண்டும்? இந்தக் கேள்விகளை எந்த டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது கேள்வியின் பதிலை மட்டும், துணைக்கு வந்தவர் செல்போனில் குறித்துவைத்துக்கொள்ளட்டும். வலியில் இருப்பவருக்கு அது ஞாபகம் இருக்காது.